காலியாய்க் கிடந்த ஸ்தானம்

பதவியிலிருக்கும் பிரதிநிதி மீண்டும் தம் தொகுதிக்கு வந்து ஜனங்களிடம் வோட்டுக் கேட்கும் நாள் சாமானியமான நாளன்று. வோட்டர் எஜமானராகவும் அபேட்சகர் ஊழியராகவும் நேருக்கு நேர் நின்று கணக்குத் தீர்க்கும் நாள் அது. அந்தக் கணக்கைத் தீர்க்கும் உரிமை வேறு எவருக்கும் இல்லை. இவ்வுண்மை எவ்வளவு எளிதாக மறக்கப்படுகிறது என்பதைப் பரமக்குடித் தொகுதியின் சமீப சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

2016ம் வருஷம் அண்ணா தி.மு.க.வின் சார்பில் இத்தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஸ்ரீ முத்தையா. 2017 ஆகஸ்டில் முதல் மந்திரி பழனிசாமியிடம் நம்பிக்கை இழந்துவிட்டதாகக் கவர்னரிடம் மனுச் செய்த சட்டசபை அங்கத்தினர்களில் இவரும் ஒருவர். செப்டம்பர் 18ந் தேதி சபாநாயகர் தனபால் அவர்களில் 18 பேர் தகுதியிழந்ததாகத் தீர்ப்பளித்தார். வழக்கு ஹைகோர்ட்டுக்குச் சென்றது. 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புக் கூறினர். மூன்றாம் நீதிபதி அக்டோபர் 25ந் தேதி சபாநாயகரின் முடிவை ஊர்ஜிதம் செய்தார். உப தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18ந் தேதி; முடிவு வெளிவந்தது மே 23ந் தேதி.

இத்தேதிகளை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஏறக்குறைய 20 மாத காலம் பரமக்குடிக்குச் சட்டசபையில் பிரதிநிதி இல்லை. கைத்தறி நெசவாளரின் கூலிக் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல ஆளில்லை. வைகையில் தண்ணீர் வராமல் கண்மாய்கள் வறண்டால், முண்டு மிளகாய் பயிரிடும் சம்சாரியின் குறையைக் கேள்வியாக எழுப்ப ஆளில்லை. ஆதிதிராவிடர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஸ்தானம் இது. தலைமுறை தலைமுறையாகக் குரல் மறுக்கப்பட்டவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட ஸ்தானம் ஊமையாய்க் கிடந்தது. குற்றம் அங்கத்தினருடையதா, சபாநாயகருடையதா என்ற விவாதம் கிடக்கட்டும். தண்டனையை அனுபவித்தவர்கள் வோட்டர்களே.

காலியான ஸ்தானத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. வழக்கு நடக்கும்போது அச்சட்டம் உறங்கிவிடுகிறது. கட்சி மாறுவோரை விலக்கும் சட்டம் 1985ல் வந்தது. ஸ்தானங்களைச் சந்தைச் சரக்காக்கும் இழிசெயலைத் தடுப்பதே அதன் நோக்கம், அந்நோக்கம் நல்லதே. ஆனால் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்ற சபாநாயகர் ஒரு கட்சியின் சின்னத்தில் ஜயித்து வந்தவர். 2017 பிப்ரவரியில் நம்பிக்கைத் தீர்மானத்தை எதிர்த்து வோட்டளித்த ஸ்ரீ பன்னீர்செல்வம் முதலிய 11 பேர், அச்சட்டசபையின் ஆயுள் முடியும் வரையில் தகுதியிழக்கவில்லை. சபாநாயகர் ஒருவரே, வருஷமும் ஒன்றே. தராசு மட்டும் இரண்டு! இப்படி ஜனங்கள் ஐயுறுவதில் வியப்பென்ன?

அமெரிக்காவின் வழக்கம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே ஒரு செனட்டர் தம் கட்சியின் கருத்துக்கு மாறாக வோட்டளித்ததற்காக ஸ்தானத்தை இழப்பதில்லை. அவரை விசாரிக்கும் நீதிமன்றம் அவருடைய ராஜ்யத்து ஜனங்களே. 2010ல் அலாஸ்கா ராஜ்யத்தின் செனட்டரான லிஸா முர்கோவ்ஸ்கி அம்மையாருக்குச் சொந்தக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலேயே தோல்வி ஏற்பட்டது. வோட்டுச் சீட்டில் அவர் பெயர் அச்சாகவில்லை. ஜனங்கள் தம் கையாலேயே அவர் பெயரை எழுதி வோட்டளித்து மீண்டும் செனட்டுக்கு அனுப்பினர். அந்நாட்டில் பணத்தின் ஆதிக்கம் முதலிய குறைகள் மலிந்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிரதிநிதியின் மீது கடைசித் தீர்ப்பு வோட்டருடையது என்ற கொள்கை அங்கே உயிரோடிருக்கிறது.

நமது ஜனங்களுக்கு அத்தகைய விவேகம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1937ல், சொத்துடையோர் முதலிய சிலருக்கே வோட்டுரிமை இருந்த காலத்திலேயே, இராமநாதபுரம் ராஜாவைத் தோற்கடித்துக் காங்கிரஸ் அபேட்சகரான முத்துராமலிங்கத் தேவரைச் சட்டசபைக்கு அனுப்பிய சீமை இது. 2019 உப தேர்தலில் ஸ்ரீ முத்தையா புதுக்கட்சியான அ.ம.மு.க.வின் அபேட்சகராக நின்றார்; ஜனங்கள் அவரை ஏற்கவில்லை. அண்ணா தி.மு.க.வின் ஸ்ரீ சதன் பிரபாகர் ஜயித்தார். அப்போது நடந்த 22 உப தேர்தல்களில் அக்கட்சி பெற்ற 9 ஸ்தானங்களே மந்திரிசபையை நிலைக்கச் செய்தன. அவற்றில் பரமக்குடியும் ஒன்று. தகுதியிழந்த 18 பேரில் ஒருவரான ஸ்ரீ செந்தில் பாலாஜியையோ, தி.மு.க. சின்னத்தில் நின்றபோது அரவக்குறிச்சி வோட்டர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஓரிடத்தில் நிராகரிப்பு, மற்றோரிடத்தில் அங்கீகாரம். இரண்டும் ஜனங்களின் தீர்ப்பே. ஆகவே இரண்டும் மதிக்கத்தக்கவை.

இரண்டு வருஷங்கூடக் கழியவில்லை. 2021 ஏப்ரலில் ஸ்ரீ சதன் பிரபாகர் மறுபடியும் வோட்டர் முன் நின்றார். இம்முறை தி.மு.க.வின் ஸ்ரீ முருகேசன் வெற்றி பெற்றார். இரண்டே வருஷங்களில் இரண்டு முன்னாள் பிரதிநிதிகளைப் பரமக்குடி திருப்பி அனுப்பியது. மாகாணமெங்கும் வீசிய கட்சிக் காற்றுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்தானம் எவருக்கும் பிதுரார்ஜித சொத்தன்று என்ற பாடமும் இதில் அடங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? தகுதியிழப்பு மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்தில் சபாநாயகர் தீர்க்க வேண்டுமென்றும், இவ்வதிகாரத்தைப் பாரபட்சமற்ற நிரந்தர டிரிபியூனலிடம் ஒப்படைப்பது பற்றிப் பார்லிமெண்ட் யோசிக்க வேண்டுமென்றும் சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில் கூறியது. இது முற்றும் நியாயமான யோசனை. இத்துடன், இத்தகைய வழக்குகளைக் கோர்ட்டுகள் முடிப்பதற்கும் கால வரம்பு ஏற்படுத்துவது அவசியம் என்பது நமது அபிப்பிராயம். அங்கத்தினர் தவறு செய்தால் அவரைத் தண்டியுங்கள். ஆனால் அவரை அனுப்பிய ஜனங்களை ஊமையாக்க வேண்டாம். வோட்டர்களும் தம் கடமையை மறத்தலாகாது. வோட்டுக் கேட்டு வருபவரிடம், "எந்தக் கட்சி?" என்று கேட்பதோடு நில்லாமல், "எங்களுக்காகச் சபையில் என்ன பேசினீர்?" என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வி எழும் நாளில்தான் பரமக்குடியின் ஸ்தானம் மெய்யாகவே நிரம்பியதாகும்.