அளந்து எய்தால் இழுக்கா?

வில்லை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிற ஒருவன், தனக்கும் மானுக்கும் இடையே எத்தனை கஜ தூரம் என்பதைக் கருவி வைத்து அளக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் வில் வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சர்ச்சை வந்துவிடும். கூடாது என்கிறவர்களிடம் அழகான வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. கலை என்கிறார்கள், மரபு என்கிறார்கள், ஆண்மை என்கிறார்கள். நியாயம் மட்டும் அவர்கள் பக்கம் இல்லை என்பது என் கட்சி.

கதை எழுதிப் பிழைக்கிற உமக்கு ஏன் ஐயா இந்த வம்பு என்று வாசகர்கள் கேட்கலாம். விஸ்கான்ஸின் மாநிலத்தில் என் சகோதரி மகள் வீட்டில் ஓர் இலையுதிர் காலம் தங்கியிருந்தேன். வில்லால் மான் வேட்டையாடுவதற்கென்று 1934-ஆம் ஆண்டிலேயே தனிப் பருவம் ஒதுக்கிய மாநிலம் அது. செப்டம்பர் பாதியில் பருவம் தொடங்கியதும் அங்கே பேச்செல்லாம் வேட்டைப் பேச்சுத்தான். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். தூரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கலாமா என்று பல நாளாக யோசித்துக் கொண்டிருந்தார். அவருடைய மாமனாரோ, "கண்ணால் தூரம் பார்க்கத் தெரியாதவன் வில்லைத் தொடவே கூடாது" என்று சொல்லி அவர் வாயை அடைத்துக் கொண்டிருந்தார். ஒருநாள் இருவரும் வேலிக்கு அப்பாலிருந்து என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நடுவர் வேலை எனக்கு வராது. நான் ஆசிரியரின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அதற்கான காரணங்களை இங்கே சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. அங்கே அதை ரேஞ்ச்பைண்டர் என்கிறார்கள். நாம் தூரமானி என்று வைத்துக் கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும். கண்ணில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி பாய்ந்து, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. 30 கஜம் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு விநாடியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு. தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை ஒளிரச் செய்தார். இன்று அது வேட்டைக்காரனின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. விலை 100 டாலர் முதல் பல நூறு டாலர் வரை.

இது எதற்கு வேண்டும்? அம்பு நேர்கோட்டில் போவதில்லை. போகப் போகக் கீழே இறங்குகிறது. இந்தக் காலத்துக் கப்பி வைத்த வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு 280 அடி வேகத்தில் கிளம்புவதாக வைத்துக் கொள்ளுங்கள். மான் நிற்பது 35 கஜத்தில். வேட்டைக்காரன் அதை 30 என்று எண்ணி எய்கிறான். அம்பு ஏறக்குறைய 4 அங்குலம் கீழே பாயும். 45 கஜத்தில் நிற்பதை 40 என்று எண்ணினால் 5 அங்குலம் கீழே போகும். மானின் இருதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் குறுக்கே 8 முதல் 10 அங்குலந்தான். நடுவில் குறி வைத்தவனுக்கு இரண்டு பக்கமும் 4, 5 அங்குலத்துக்கு மேல் இடமில்லை. ஐந்து கஜப் பிழையில் அந்த இடம் முழுவதும் தீர்ந்து போகிறது. பிறகு அம்பு காலிலோ மார்பெலும்பிலோ பாய்கிறது. மான் ஓடுகிறது. புதரில் கிடந்து இரண்டு நாளோ மூன்று நாளோ துடிக்கிறது. எய்தவனோ, "அடடா, தப்பி விட்டதே!" என்று வருத்தப்பட்டுக் கொண்டு காப்பி சாப்பிடப் போகிறான்.

மாமனாரின் கட்சி இங்கேதான் இன்னும் பலவீனப்படுகிறது. அவர் வைத்திருப்பது கப்பி இல்லாத பழைய பாணி வில். அதன் அம்பு விநாடிக்கு 180 அடிதான் போகும். 25 கஜத்தை 20 என்று எண்ணிவிட்டால் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கிவிடும். வில் மெதுவாக ஆக ஆக, தூரம் தவறினால் வரும் கேடு அதிகமாகிறது. கண்திட்டத்தைப் பற்றி மார்தட்டுகிறவர்கள் கையில்தான் அதிகம் தவறக்கூடிய வில் இருக்கிறது!

கண்திட்டம் ஒரு கலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மான் வெளியே வருவது விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும். அரை வெளிச்சத்தில், பள்ளத்துக்கு அப்பால், நெஞ்சு படபடக்க நிற்கிறவன் கண் என்ன திட்டம் போடும்? நகைக் கடைக்காரர், "தராசு எதற்கு? என் கைக்குத் தெரியாத எடையா?" என்று சொல்லித் தாலிக்குப் பொன் கொடுத்தால் வாங்கிக் கொள்வோமா? நம் பொன் என்றால் குன்றிமணி பிசகக் கூடாது. மானின் உயிர் என்றால் குத்துமதிப்புப் போதும் என்பது என்ன நீதி?

மரபு என்கிறார்களே, அந்த மரபையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க வில் வேட்டைக்காரர்கள் தங்கள் குருவாகக் கொண்டாடுகிறவர் ஸாக்ஸ்டன் போப் என்ற டாக்டர். 1911-இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில், தன் இனத்தார் எல்லோரையும் இழந்து தனியாக வந்து சேர்ந்த யாஹி இனத்து இஷியிடம் அவர் வில் வித்தை கற்றார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். போப்பின் வேட்டைப் புத்தகம் 1923-இல் வந்தது. அதே ஆண்டில் அவர் வேறொரு வேலையும் செய்து வெளியிட்டார் என்பதை மரபுவாதிகள் மறந்துவிடுகிறார்கள். உலகத்தின் பல பாகத்து வில்களை எய்து பார்த்து, ஒவ்வொன்றும் எத்தனை கஜம் போகிறது என்று அளந்து பட்டியலிட்டார் அவர். குருநாதர் அளந்திருக்கிறார், சீடர்கள் அளப்பது இழுக்கு என்கிறார்கள்!

மரபு பேசுகிற வேறு சிலரின் வில்லை உற்றுப் பாருங்கள். அது 1969-இல் ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் காப்புரிமை பெற்ற கப்பி வில்லின் வழி வந்தது. 70 பவுண்டு இழுவையை முழுக்க இழுத்துவிட்டால் பிறகு 14 பவுண்டு கனத்தைத் தாங்கினாலே போதும். குறிபார்க்க ஒளிரும் ஊசிகள், நாணை விட விசைக் கொக்கி எல்லாம் உண்டு. இத்தனையும் மரபாம், தூரத்தைத் தெரிந்து கொள்வது மட்டும் மரபு மீறலாம்!

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தசரதன் சப்தம் கேட்ட திசையில் குறி தவறாமல் எய்யக் கூடியவன். அந்தத் திறமையின் செருக்கில்தான், குடத்தில் தண்ணீர் நிரம்பிய ஒலியை யானை என்று எண்ணி ஒரு பாலகனைக் கொன்றான். குறி தப்பவில்லை, எதை எய்கிறோம் என்று நிச்சயம் செய்து கொள்ளாததுதான் குற்றம். நிச்சயமில்லாமல் எய்கிற வித்தையைக் கலை என்று மெச்சுகிறவர்கள் அந்தப் பெற்றோரின் அழுகையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"வேட்டையே பாவம், அதில் அளந்தால் என்ன, அளக்காவிட்டால் என்ன?" என்று கேட்கும் அன்பர்களும் இருப்பார்கள். அது தனி வழக்கு. அந்த நாட்டில் அனுமதிச் சீட்டு வாங்கி லட்சக்கணக்கானோர் வேட்டைக்குப் போகிறார்கள். நாம் முகத்தைச் சுளிப்பதால் ஒரு மானும் பிழைக்கப் போவதில்லை. அம்பு கிளம்புவது நிச்சயமானால், உயிர் ஒரே நொடியில் போகட்டும் என்று கேட்பதுதான் இரக்கம்.

இப்படிச் சொன்னதும் கருவி விற்கிறவர்கள் என்னைத் தங்கள் ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. ஆயிரம் கஜம் அளக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். வில்காரனுக்கு ஆயிரம் கஜம் எதற்கு? மேட்டிலிருந்து பள்ளத்தில் எய்வதற்குக் கோணத்தையும் கணக்கிட்டுத் தரும் என்கிறார்கள். மலைச் சரிவில் அது உண்மை: 30 பாகைச் சரிவில் 40 கஜத்தில் நிற்கும் மானை ஏறக்குறைய 35 கஜம் என்று கொண்டு எய்ய வேண்டும். ஆனால் 20 அடி உயரப் பரணில் உட்கார்ந்து, மரத்தடியிலிருந்து 20 கஜத்தில் நிற்கும் மானை எய்கிறவனுக்கு வித்தியாசம் ஒரே ஒரு கஜம். அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ஒரே பரணில் உட்காருகிறவன் பகலிலேயே காலடியால் அளந்து, 20 கஜத்திலும் 30 கஜத்திலும் மரங்களை அடையாளம் வைத்துக் கொண்டால் காசே செலவில்லை. நடந்து, ஊர்ந்து, இடம் மாறி வேட்டையாடுகிறவனுக்குத்தான் கருவி அவசியம். அவனும் வில்லோடு பொருத்தும் மின்கருவியை வாங்கு முன் தன் மாநிலத்துச் சட்டத்தைப் படித்துக் கொள்ளட்டும். அதைத் தடுத்திருக்கும் மாநிலங்கள் உண்டு.

கருவி அளக்காத விஷயமும் ஒன்று உண்டு. 30 கஜத்தைக் கடக்க அம்புக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. நாணின் ஓசை அதற்குக் கால் விநாடி முன்பே மானின் காதுக்குப் போய்விடுகிறது. மிரண்ட மான் அதற்குள் உடலைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும். தூரம் கூடக் கூட அந்த அவகாசமும் கூடுகிறது. ஆகவே, 25 கஜத்தில் எய்து கொண்டிருந்தவன், "தூரந்தான் தெரிகிறதே!" என்று 60 கஜத்தில் எய்வதற்காக இதை வாங்கினால், மாமனார் சொன்ன குற்றத்தைவிடப் பெரிய குற்றத்தைச் செய்கிறான்.

பள்ளி ஆசிரியருக்கு நான் சொன்னது இதுதான்: "முதலில் உங்கள் எல்லையைத் தெரிந்து கொள்ளுங்கள். எட்டங்குலக் காகிதத் தட்டை வைத்துப் பழகுங்கள். எந்தத் தூரம் வரையில் எல்லா அம்பும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. அது 30 கஜம் என்று வையுங்கள். பிறகு கருவியை வாங்குங்கள். அது 38 என்று காட்டுகிற அன்று வில்லைத் தாழ்த்த உங்களுக்கு மனம் வருமா? வரும் என்றால் பணம் வீணில்லை. வராது என்றால் கருவியை மட்டுமல்ல, வில்லையும் வாங்கியிருக்கக் கூடாது."

மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பேரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பெருமைக்கு விலை கொடுப்பது அவரல்லவே, மானல்லவா கொடுக்கிறது!