கிராபிக்ஸ் கம்பெனிக்கு எந்தக் கணக்குப் புத்தகம்?

1951-ல் “பாதாள பைரவி” வந்தது. 1957-ல் “மாயா பஜார்” வந்தது. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் தந்திரக் காட்சிகளை மக்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இன்று அந்தத் தந்திரம் கேமராவை விட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது. அதற்குக் “கிராபிக்ஸ்” என்று பெயர்.

இந்த வேலைக்குக் கோடம்பாக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செங்கல்பட்டிலோ, திருப்போரூரிலோ, மாமல்லபுரம் சாலையிலோ ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தால் போதும். நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து தொழில் தொடங்கிவிடலாம்.

தொடங்குவது எளிது. நிலைத்து நிற்பதுதான் கடினம். நிலைத்து நிற்கக் கணக்கு வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையைப் பாருங்கள். ஒருவர் கல்லைப் பிளக்கிறார். ஒருவர் உருவம் கொண்டு வருகிறார். இன்னொருவர் மெருகேற்றுகிறார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதைக் கல்லே சொல்லிவிடும்.

கிராபிக்ஸ் வேலை அப்படி அல்ல. அது கண்ணுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள். ஐந்து வினாடி ஓடும் ஒரு “ஷாட்” என்றால் 120 படங்கள்! கதாநாயகனைத் தூக்கிப் பிடித்த கம்பியை அழிக்க ஒருவர். அவன் உருவத்தை வெட்டி எடுக்க ஒருவர். பின்னால் மலையையும் கடலையும் வைக்க ஒருவர். எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்க்க ஒருவர்.

ஒரு படத்தில் இப்படி 200 ஷாட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஷாட்டுக்கு நாலு வேலை என்றால் 800 வேலைகள். ஒவ்வொன்றும் “சரியில்லை” என்று இரண்டு முறை திரும்பி வந்தால் 2,400!

எது யார் கையில் இருக்கிறது? எது முடிந்தது? டைரக்டர் எந்தத் திருத்தத்தை என்றைக்குச் சொன்னார்? இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் தயாரிப்பு நிர்வாகச் சாப்ட்வேர். அது படம் வரையாது, கணக்கு வைத்துக்கொள்ளும்.

பரிசும் திவாலும்

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. “லைப் ஆப் பை” படத்தின் ஒரு பகுதி அங்கே எடுக்கப்பட்டது. படத்தில் வரும் புலியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே படைத்தது, ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம். மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன.

2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதே மாதத்தில், பரிசு வருவதற்கு முன்பே, நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது!

அவர்களிடம் நல்ல சாப்ட்வேர் இல்லாமல் இல்லை. சொந்தமாகவே எழுதி விருது வாங்கியவர்கள். பிறகு ஏன் விழுந்தார்கள்? படங்கள் தள்ளிப்போயின. மொத்தமாக ஒரு தொகை பேசி வேலையை ஒப்புக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். திருத்தம் பெருகினாலும் தொகை பெருகாது. நஷ்டம் முழுவதும் வேலை செய்தவர் தலையில்.

பெரிய யானைக்கே இந்தக் கதி என்றால், மாடி வீட்டுக் கம்பெனி என்ன ஆகும்? “மூன்று திருத்தத்துக்கு மேல் தனிக் கூலி” என்று பேச வேண்டும். அப்படிப் பேசக் கையில் கணக்கு வேண்டும். தேதியோடு கணக்கு இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

சந்தையில் உள்ளவை

பழைய முறை, கட்டம் போட்ட தாள். இப்போது அது கூகுள் ஷீட். செலவு இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்தால் குழப்பம்.

பெரிய நிறுவனங்களில் புழங்குவது ஷாட்கன். 2014-ல் அதை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. 2021-ல் ஷாட்கிரிட் என்று பெயர் மாறியது. 2024-ல் ப்ளோ புரொடக்‌ஷன் டிராக்கிங் என்று மறுபடியும் மாறியது. அதில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாடகை. எட்டுப் பேர் முப்பது பேரானால் வாடகையும் ஏறும்.

பிரான்சில் பிறந்தது கிட்சு. அதன் மூல நிரல் திறந்தது. சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டால் உரிமைக் கட்டணம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள பிளெண்டர் ஸ்டூடியோ இதைத்தான் பயன்படுத்துகிறது.

ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். 2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. கடலோரத்தில் கணக்கு வைப்பவர், அதன் நகல் ஒன்றை வெளியூரிலும் வைக்க வேண்டும்!

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பார்க்க வேண்டியது, வேலை செய்பவரின் நேரம். ரோட்டோ போடும் பெண் அரை நிமிடத்தில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் பிடித்தால் யாரும் எழுத மாட்டார்கள். எழுதாத கணக்குப் புத்தகம் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் வெறும் காகிதம்தான்.

இரண்டாவது, திருத்தக் கணக்கு. எத்தனையாவது திருத்தம், யார் சொன்னது, என்றைக்கு என்பது ஒரே இடத்தில் தெரிய வேண்டும்.

மூன்றாவது, வெளியே வரும் வழி. வாடகையை நிறுத்தினால் நம் கணக்கு நம் கைக்கு வருமா? சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பெயரும் முதலாளியும் மாறும் சந்தை இது.

நமது யோசனை இதுதான். பத்துப் பேருக்குக் குறைந்த கம்பெனி, ஷீட்டிலேயே தொடங்கலாம். கையில் இரண்டு படம் சேர்ந்ததும் கிட்சு போன்றதற்குப் போகலாம். வெளிநாட்டு வேலை தருபவர் கேட்டால் மட்டும், அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொண்டு ப்ளோவுக்குப் போகலாம்.

எதுவானாலும், முடிந்துபோன படத்தின் இருபது ஷாட்டுகளை வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் நடக்கும்போது புத்தகத்தை மாற்றுவது, ஆற்று நடுவில் படகு மாறுவதற்குச் சமம்.

சாட்டை ஆகக் கூடாது

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை.

“யார் மெதுவாகச் செய்கிறார்?” என்று பார்க்க மட்டும் இந்தக் கணக்கைத் திறந்தால், அது சாட்டையாகிவிடும். தொழிலாளியும் பொய் மணி எழுதுவார். நேற்றிரவு இரண்டு மணி வரை கண் விழித்தவர் யார் என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. அதையும் பாருங்கள். அடுத்த படத்துக்கு விலை பேசும்போது அந்த இரவுகளையும் சேர்த்துப் பேசுங்கள்.

கிராபிக்ஸ் வேலைக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோரும் ஒன்று கேட்கலாம். “உங்கள் கம்பெனியில் வேலை நேரத்தை எழுதி வைக்கிறார்களா?” என்று கேளுங்கள். “இல்லை” என்று பதில் வந்தால், அவன் கண் விழித்த இரவுகளுக்குச் சாட்சி இல்லை என்று பொருள்.