சேணம் விற்போரும் வாங்குவோரும்

குதிரை வாங்குவதில் விவசாயிகள் காட்டும் ஜாக்கிரதை, அதற்குரிய சேணம், கடிவாளம், வார் முதலியவற்றை வாங்குவதில் காணப்படுவதில்லை. சுழியும் பல்லும் குளம்பும் பார்த்து, நடக்கவிட்டும் ஓடவிட்டும் சோதித்து விலை பேசுகிறவரே, சேணக் கடையில் தோலின் மெருகையும் பித்தளைக் குமிழையும் கண்ட மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இதனால் விளையும் நஷ்டம் அற்பமானதன்று.

எருதுகளுக்கு நுகம் செய்யும் தச்சர் பெரும்பாலும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர். நுகம் கழுத்தில் உறுத்தினால் மறுநாளே இழைத்துத் தருவார். சேண வியாபாரியோ சந்தை கலைந்ததும் வேற்றூர் சென்றுவிடுவார். ஆகவே பிழையைத் திருத்தும் காலம் பணம் கைமாறுவதற்கு முன்னரேயன்றிப் பின்னர் இல்லை.

இந்நாட்டில் சேணத் தொழிலுக்குப் பேர்பெற்ற நகரம் கான்பூர். 1863-ஆம் ஆண்டில் இராணுவத்தின் தேவைக்காகச் சேணத் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டது. கான்பூர்ச் சேணம் இன்று புவிசார் குறியீடு பெற்று, வெளிநாடுகளுக்கும் பெருமளவில் ஏற்றுமதியாகிறது. சரக்கு உயர்ந்ததாயினும், ஐரோப்பியக் குதிரையின் உடல்வாகு வேறு. மார்வாரி, கத்தியவாரி முதலிய நாட்டுக் குதிரைகளின் உடல்வாகு வேறு. ஒன்றுக்கென வெட்டிய சேணம் மற்றொன்றின் முதுகைப் புண்ணாக்கக்கூடும்.

பொருத்தம் அறிவது கடினமன்று. ஆள் ஏறி அமர்ந்த பின்னும், சேணத்தின் முன்வளைவுக்கும் குதிரையின் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். பாரம் முதுகெலும்பின்மேல் விழாமல் இருபுறத்துத் தசைகளின்மேல் பரவ வேண்டும். சேணத்தின் பின்பகுதி கடைசி விலாவைத் தாண்டலாகாது. கடிவாளத்தின் இரும்பு வாயின் இருபுறமும் சுமார் கால் அங்குலம் வெளியே நிற்க வேண்டும். குறுகினால் உதட்டைக் கிள்ளும், நீண்டால் வாயில் ஆடிப் புண் செய்யும். வண்டிக் குதிரையின் கழுத்து வளையத்துக்கும் தொண்டைக்கும் நடுவே நீட்டிய கை நுழைய வேண்டும். பழைய சேணமாயின், உள்ளிருக்கும் சட்டம் முறிந்திருக்கிறதா என்று இருமுனைகளையும் அழுத்திப் பார்த்தல் அவசியம். தோள்மேட்டில் வெண்மயிர்த் திட்டுகள் இருப்பின், அவை பெரும்பாலும் முன்னர்ப் பொருந்தாத சேணத்தால் உண்டான புண்ணின் அடையாளமாகும்.

வாரின் தரமும் கவனிக்கத்தக்கது. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலே சேண வேலைக்கு நெடுங்காலமாக உகந்ததென்று கொள்ளப்பட்டு வருகிறது. நைலான் வார் மலிவானது, மழைக்கும் கெடாது. ஆயினும் அதன் விளிம்பு வியர்த்த தோலை அறுக்கும். அதை உபயோகிப்போர் உடலில் படும் இடங்களில் மெத்தை வைத்துத் தைத்துக்கொள்வது நலம்.

அளவு பார்த்து விற்பதற்கு நேரமும் இடமும் வேண்டுமென்றும், அதனால் விலை ஏறுமென்றும் வியாபாரிகள் கூறுவர். அது ஒருவாறு உண்மையே. ஆனால் முதுகில் புண்பட்ட குதிரை வாரக்கணக்கில் கொட்டிலில் நிற்கும். அந்நாட்களிலும் புல்லும் கொள்ளும் கொடுத்தே தீர வேண்டும். புண்ணுடன் வேலை வாங்குவதோ 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். முள்ளோ குமிழோ உடைய கடிவாளம், சேணம், நுகம் ஆகியவற்றை உபயோகிப்பதை 1965-ஆம் ஆண்டின் விதிகள் விலக்கியுள்ளன. இத்தகைய கடிவாளத்தைக் கடையில் கண்டால் வாங்குவோர் மறுத்துவிட வேண்டும். வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இரார்.

ரசீது கேட்டுப் பெறுதலும் வழக்கமாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தர மறுப்பதை முறையற்ற வாணிகம் என்கிறது. குறையுள்ள சரக்கை ரசீதில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவைப் போல் குதிரைகள் கூடும் சந்தைகளில், ஊராட்சியாரும் கிராம அலுவலர்களும் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. சேணக் கடைகளைக் குதிரை கட்டும் வரிசையை ஒட்டியே அமைக்கச் செய்து, வாங்குமுன் முதுகில் இட்டுப் பார்க்கும் வசதியை ஏற்படுத்தலாம். ஊசியும் நூலும் கொண்ட தோல் தொழிலாளர் ஒருவருக்கும், கால்நடை மருத்துவருக்கும் பக்கத்திலேயே இடம் ஒதுக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. நல்ல வியாபாரிக்கு இதனால் நற்பெயரே வளரும். இட்டுப் பார்க்க ஒப்பாத வியாபாரியின் சரக்கை, விலை எவ்வளவு குறைவாயினும், விவசாயிகள் வாங்காதிருப்பதே உத்தமம்.