ஓர் அடைமொழியின் சுமை

ஐதராபாத் வெயிலில் கூலன்ட் கசியும் புதுக் கார் நான்காம் முறை பணிமனைக்குச் சென்றபின்னும், நிவாரணம் கோரும் உரிமையாளருக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: "உற்பத்திக் குறைபாட்டை நிரூபியுங்கள்." 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவோ, தரத்தில் உள்ள எக்குறையையும் 'குறைபாடு' என்கிறது, 'உற்பத்தி' என்னும் அடைமொழி அவ்வரையறையில் இல்லை. பணத்தைத் திருப்பியளிக்கவும் 39ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும், 2006இல் மாருதி கார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் பழுதான உறுப்பை மாற்றித் தருவதற்கே என்றது. உறுப்பை மாற்றியும் கசிவு தீராவிடில்? பலமுறை பழுதுபார்த்தும் சீராகாத புதுக் காருக்கு மாற்றுக் காரோ பணமோ தரவேண்டும் என அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே சட்டமியற்றியது. இந்தியாவுக்கும் அத்தகைய சட்டம் வேண்டும். மீண்டும் மீண்டும் கசிவதே சான்று. காரணத்தை விளக்கும் சுமை உற்பத்தியாளருடையது.