இரண்டு சக்கரம் இழுத்தால் 18. நான்கும் இழுத்தால் 40!

இரணியலிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஜீப் ஓட்டிப் பிழைப்பவர் அவர். மாறாமலையில் கிராம்பு மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஐந்து பேர் கூட்டாக வைத்திருக்கும் ஜீப் அது. தானும் அந்த ஐவரில் ஒருவர் என்று குறிப்பிடுகிறார். விடியுமுன் அரிசியோடும் ஏணியோடும் மலையேறுவது, பொழுது சாயும்போது மூட்டைகளோடு இறங்குவது, இதுதான் வேலை. வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. புது வண்டி வாங்குவதென்று ஐவரும் முடிவு செய்து, கடனுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, விற்பனை நிலையத்தின் படி ஏறியிருக்கிறார்கள்.

"ஃபோர் வீல் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். கிடைத்த பதில் இது: "பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி சீக்கிரம் வரும். நான்கும் இழுப்பது வேண்டுமானால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். மாதக் கணக்குச் சொல்வதற்கில்லை. அலங்காரச் சாமான்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் முன்னுக்குத் தள்ளிப் பார்க்கலாம்."

எந்த நிலையம் என்று நாம் எழுதப்போவதில்லை. ஒரு கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் இந்த வழக்கு முடிந்துவிடாது. கடைக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறது. கம்பெனிக்குப் பின்னால் வரிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத்தான் நாம் கேள்வி கேட்கப் புறப்பட்டிருக்கிறோம்.

"ஜீப்பாவது, தாராவது! அதெல்லாம் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். பாட்டாளியின் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பவர்கள் ஒருமுறை கீரிப்பாறைக்கு அப்பால் போய்ப் பார்த்து வரட்டும்! இரணியலில் தென்னை உண்டு, தறி உண்டு, அருகிலேயே திங்கள்சந்தை உண்டு, ரயில் நிலையமும் உண்டு. மலை மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து உழைப்பாளிகளில் எத்தனையோ பேரின் கூலி மலையில்தான் இருக்கிறது. ரப்பர் பாலில் இருக்கிறது, கிராம்பு மொட்டில் இருக்கிறது. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் தருவது. 2021இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிராம்பு என்பது விரியாத மொட்டு. விரிந்துவிட்டால் விலை போய்விடும். இன்று வண்டி ஏறவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம் என்று மரத்திடம் தவணை கேட்க முடியாது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கும் காணி மக்களுக்கோ, நோயாளியைக் கீழே கொண்டுவருவதற்குப் படகும் ஜீப்பும்தான் கதி.

அங்கே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி ஏன் உதவாது? ஓட்டுநர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பின்சக்கரங்களில் ஒன்று சேற்றில் இறங்கிவிட்டால், எஞ்சினின் வலுவெல்லாம் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுழற்றுவதிலேயே போய்விடுகிறது. கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரம் வேடிக்கை பார்க்கிறது. முன்சக்கரங்களுக்கும் வலு போனால்தான் வண்டி பள்ளத்திலிருந்து எழும். இறக்கத்தில் இன்னும் பெரிய காரியம் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியைப் பிரேக்கை நம்பி மட்டும் இறக்கினால், பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். ஃபோர் வீல் வண்டியில் தனியாக உள்ள 'லோ' கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி, நடை வேகத்தில் இறக்கும். அந்தக் கியர் இருக்கிறதா இல்லையா என்பது மலையில் உயிர்ப் பிரச்சினை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 3ஆம் நாள் ஜி.எஸ்.டி. மன்றம் கூடியது, புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்தன. நாலு மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல் எஞ்சின் என்றால் 1200 சி.சி.க்கு மிகாமல், டீசல் என்றால் 1500 சி.சி.க்கு மிகாமல், இப்படிப்பட்ட கார்களுக்கு வரி 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கிறது. சிறிய காருக்குச் சிறிய வரி, பெரிய காருக்குப் பெரிய வரி!

நியாயத்தின் வேடம் எங்கே கலைகிறது பாருங்கள். மகிந்திரா கம்பெனியின் மூன்று கதவுத் தார் வண்டியில், 1500 சி.சி. டீசல் எஞ்சின் பொருத்திய ரகம் பின்சக்கரம் மட்டும் இழுப்பது. அதற்கு 18. அதே உருவம், அதே நீளம், அதே மிடுக்கு. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ரகங்களில் எஞ்சின் பெரிது. அதனால் 40. மாருதியின் ஜிம்னிக்கு நீளம் நாலு மீட்டருக்குள்தான். பெட்ரோல் எஞ்சின் 1462 சி.சி. ஆகவே அதற்கும் 40. ஏழு பேர் அமரக்கூடிய ஃபோர்ஸ் கூர்க்காவுக்கும் 40. ஆக, மலையேறும் வண்டியைப் போலத் தோற்றமளித்து நகரத்துக் கடற்கரைச் சாலையில் உலா வருவது சிறிய காராம்! உண்மையிலேயே மலையேறுவது ஆடம்பரமாம்!

அந்த 40 சதவீத வரிசையில் வேறு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? குதிரைப் பந்தயம். சூதாட்ட விடுதி. கோடீசுவரரின் உல்லாசப் படகு, சொந்த விமானம். இவற்றின் நடுவே கிராம்பு மூட்டை சுமக்கும் இரணியல் ஜீப்! என்னே பொருத்தம்!

"எஞ்சின் அளவை வைத்துத்தானே வரி, நான்கு சக்கரத்துக்கென்று தனி வரி இல்லையே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் பாரத்தோடு மேட்டில் ஏற வலு வேண்டும். வலுவுக்கு எஞ்சின் வேண்டும். எஞ்சினை அளந்தவர்கள் அது செய்யும் வேலையை அளக்கவில்லை. வேலையைப் பார்த்து வரி போடத் தெரியாதவர்களா அவர்கள்? ஆம்புலன்சுக்கு அதே மன்றம்தான் 28ஐ 18ஆகக் குறைத்தது. ஆம்புலன்சின் எஞ்சினை யாரும் சி.சி. போட்டுப் பார்க்கவில்லையே! மலைக் குடியிருப்புக்கு ஓடும் ஜீப், பாதி நாள் ஆம்புலன்சாகத்தான் ஓடுகிறது.

ஜீப்புக்கும் நம் நாட்டுச் சர்க்காருக்கும் உள்ள உறவு பழைய உறவு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா செய்த வண்டி அது. 1949இல் 75 வண்டிகளுக்கான உறுப்புகள் பம்பாய்க்கு வந்து, மகிந்திரா கம்பெனி அவற்றைப் பூட்டி விற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, காஷ்மீரப் போருக்கு அவசரமாக ஜீப் வேண்டுமென்று, லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் ஏறத்தாழ 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். கேட்டது புதுப்பித்த ஜீப் 2000. வந்து இறங்கியது 155. அவையும் இராணுவத்துக்கு உதவாதவை! 1955இல் "விவகாரம் முடிந்தது" என்று அறிவித்தார்கள். 1956இல் மேனன் மத்திய மந்திரி ஆனார். கிடைக்காத வண்டியைத் தேடிப் போன முதல் கதை இப்படி முடிந்தது.

பிறகு வந்தது கட்டுப்பாட்டுக் காலம். கார் விற்பனைக்கு 1959இல் ஓர் ஆணையே போட்டார்கள். பதிவு வரிசைப்படிதான் விற்க வேண்டும். வாங்கியவர் இரண்டாண்டுக்குள் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது. அந்த வரிசையிலும் சிபாரிசு நுழைந்தது, மேல்பணம் நுழைந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் புகழ வரவில்லை. ஆனாலும் கிடைக்காத பொருளைப் பங்கிடுவது பொதுக் காரியம் என்ற எண்ணமாவது அன்று ஏட்டில் இருந்தது.

இன்று? 2020 அக்டோபர் 2ஆம் நாள் புதிய தார் வந்தபோது முதல் வண்டி 1 கோடியே 11 லட்சத்துக்கு ஏலம் போனது. பணம் அறப்பணிக்குத்தான் போனது, மறைக்கவேண்டியதில்லை. பதிவு செய்தவர்கள் பல மாதம் காத்துக் கிடந்தார்கள். 2024 அக்டோபர் 3ஆம் நாள் ஐந்து கதவுத் தார் ராக்ஸுக்குப் பதிவு தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர்! அந்த ஒரு மணி நேரத்தில் நம் இரணியல் தோழர் எங்கே இருந்திருப்பார்? சிக்னல் கிடைக்காத மலை வளைவில் கிளட்சை மிதித்துக்கொண்டிருந்திருப்பார்.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களை அடியோடு தள்ளிவிட முடியாது. 2021இல் சில்லுப் பஞ்சம் உலகமெங்கும் கார்த் தொழிற்சாலைகளைத் தடுமாற வைத்தது உண்மை. ஆலையின் உற்பத்தியை ஒரே நாளில் பெருக்கிவிடவும் முடியாது. ஜப்பானிலும் இதே கூத்துதான். 2025 சனவரி இறுதியில் சுசுகி அங்கே ஐந்து கதவு ஜிம்னியை வெளியிட்டது. நாலே நாளில் ஏறத்தாழ 50,000 பேர் கேட்க, பதிவையே நிறுத்தி வைத்தார்கள். அந்த வண்டி எங்கே செய்யப்படுகிறது? நம் நாட்டுக் குருகிராமில், நம் தொழிலாளியின் கையால்!

பற்றாக்குறை இருக்கட்டும். பற்றாக்குறையில் யாருக்கு முதலில் என்பதுதான் நம் கேள்வி. மலைப்பகுதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், பழங்குடிக் குடியிருப்புகளுக்கும், கூட்டாக வாங்கும் சிறு சாகுபடியாளர்களுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி 18 சதவீத வரியில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு மாத உற்பத்தியிலும் ஒரு சிறு பங்கு அவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்பட வேண்டும். இந்தச் சலுகையைச் சீமான்கள் பினாமியாகத் தட்டிப் பறிக்காமலிருக்க, ஐந்தாண்டுக்குக் கைமாற்றத் தடையும் போடட்டும். 1959 ஆணையில் இரண்டாண்டு போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

புது வண்டி வரும்வரை பழையது ஓடியாக வேண்டுமே! அதிலும் கை வைத்திருக்கிறார்கள். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பழைய வண்டியை ஒழிக்கத் தண்டம். புதிய வண்டியை வாங்க 40 சதவீதம். இரண்டுக்கும் இடையில் மலையில் நடந்து போ என்கிறார்களா? மலைப்பகுதி ஜீப்புகளுக்கு, புகைச் சோதனையிலும் பிரேக் சோதனையிலும் தேறினால், இந்தக் கட்டணத்தைப் பழைய அளவுக்கே குறைக்க வேண்டும். சோதனையைத் தளர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை, கட்டணத்தைத்தான் கேட்கிறோம்.

ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்களுக்கு மூன்றில் இரு பங்கு. நான்கில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் எதுவும் நிறைவேறும். ஆகவே டெல்லியை மட்டும் ஏசிவிட்டு ஓய்ந்துவிடுவதில் பயனில்லை. சென்னையும் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. திருவனந்தபுரமும் உட்கார்ந்திருக்கிறது; இடுக்கியில் ஜீப் ஓட்டுபவனின் பாடும் இதே பாடுதான். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களிலுள்ள தோழர்கள் தங்கள் மலைகளில் எத்தனை ஜீப்புகள் ஓடுகின்றன, எத்தனை ஆண்டுப் பழசு, எத்தனை பேர் பதிவு செய்து காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும்.

தொடக்கம் குமரி மாவட்டத்திலேயே நடக்கட்டும். இரணியல், தக்கலை, குலசேகரம், தடிக்காரன்கோணம் பகுதிக் கிளைகள் இந்த மாதமே ஓட்டுநர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கூட்டி, கணக்கோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நகல் ஒன்று மாநில நிதியமைச்சருக்கு. ஒன்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு. ஒன்று நம் அலுவலகத்துக்கு. வருகிற கணக்கை வருகிற வரிசையில் வெளியிடுவோம்.