பிக்சலுக்குக் காசா, கண்ணுக்குக் காசா?

லேப்டாப் வாங்கப் போகிற நண்பனிடம் "என்ன பாத்து வாங்கப் போற?" என்று கேளுங்கள். பிராசஸர், ராம், எஸ்எஸ்டி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். திரை? "15.6 இஞ்ச் மச்சி." அவ்வளவுதான். நாலு வருஷம் தினமும் முறைத்துப் பார்க்கப் போகிற சமாச்சாரத்தைப் பற்றி இவ்வளவுதான் ஆராய்ச்சி. இந்த அலட்சியத்தை நம்பித்தான் இரண்டு கோஷ்டிகள் பிழைக்கின்றன.

முதலாவது, "படிக்கிற பையனுக்கு இதுவே ஜாஸ்தி" கோஷ்டி. பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் 1366×768 திரைகள் இன்னமும் மலிந்து கிடக்கின்றன. 15.6 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு 100 பிக்சல். ஆங்கிலம் மட்டும் படித்தால் ஒப்பேற்றிவிடலாம். அந்த எழுத்துகளில் நேர்கோடு அதிகம். நம்முடையதோ சுழி மேல் சுழி. 'ண'வுக்கு மூன்று, 'ன'வுக்கு இரண்டு. 16 பிக்சல் அளவு எழுத்தில் மேலே கொம்புக்கும் கீழே காலுக்கும் இடம் விட்டால், உடம்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். அதற்குள் மூன்று சுழியும் நடுவில் வெள்ளை இடமும் அடங்க வேண்டுமாம். எங்கே அடங்கும்? கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளி தூசி மாதிரி நிற்கும்.

"தமிழ்ல நாலு பக்கம் படிச்சா கண்ணு வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டு ஆங்கிலப் பக்கத்துக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மக்களே, குறை தமிழில் இல்லை, திரையில் இருக்கிறது! இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், தாய்மொழியில் படிக்கிற பழக்கத்தையே அடகு வைக்கிறோம்.

அடுத்தது 4கே கோஷ்டி. "பிக்சல் கூடக் கூடக் கண்ணுக்கு நல்லது" என்று இவர்கள் அடிக்கும் ஜல்லிக்குக் கணக்கே பதில். நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் வழக்கமான அளவுகோல். ஐம்பது செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது அங்குலத்துக்குச் சுமார் 175 பிக்சல். 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் 162 வருகிறது, 2560×1600 என்றால் 216. அதே அளவில் 4கே 315! இந்தக் கூடுதலைப் பார்க்க மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 15.6 அங்குல 4கே திரையில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதால், விண்டோஸில் அளவை 250% வைக்க வேண்டியிருக்கும். ஃபுல் எச்டி திரையில் 125% வைத்தால் கிடைக்கும் இடமும் இதே 1536×864தான். எழுத்து கொஞ்சம் வழவழப்பாகும், அவ்வளவே. அதற்காக நாலு மடங்கு பிக்சலுக்குத் தீனி போட்டு, பேட்டரியைச் சீக்கிரம் காலி பண்ண வேண்டுமா? வீடியோ, புகைப்படம் எடிட் பண்ணுகிறவர்கள் வாங்கட்டும். பாடம் படிக்கிறவனுக்கு எதற்கு?

"ஃபுல் எச்டியில எழுத்து பொடிப்பொடியா இருக்கே" என்று ஒரு கேள்வி வரும். நியாயம்தான். 100% அளவில் வைத்தால், அந்தப் பழைய திரையில் தெரிந்ததில் எழுபது சதவீத அளவுக்குச் சுருங்கும். உடனே நம்மாட்கள் ரெசல்யூஷனையே குறைத்துவிடுவார்கள். தாத்தாவுக்கு இந்த உதவி செய்து பேர் வாங்கிய பேரன்கள் ஏராளம். எல்சிடி திரையின் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. எண்ணிக்கையை மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தும் அக்கம்பக்கம் கசிந்து மங்கும். ரெசல்யூஷனைத் தொடாதீர்கள், ஸ்கேலிங்கை 125% அல்லது 150% ஆக்குங்கள். சில பழைய மென்பொருள்கள் அப்போது மங்கலாகத் தெரியலாம். அது அவற்றை எழுதியவர்களின் சோம்பல், திரையின் குற்றமல்ல.

ஆக, என் கட்சி இதுதான். 15.6 அங்குலத்துக்கு 1920×1080க்குக் கீழே இறங்காதீர்கள். 14 அங்குலத்துக்கு 1920×1200 கிடைத்தால் விடாதீர்கள், உயரத்தில் கூடுதலாக 120 வரிசை, படிப்பதற்குத் தோது. கையில் காசு இருந்தால் 2560×1600. அதோடு நிறுத்துங்கள். மிச்சப் பணத்தை ஐபிஎஸ் பேனல், 300 நிட்ஸுக்குக் குறையாத வெளிச்சம், ட்யூப் லைட் பிரதிபலிக்காத மேட் திரை இவற்றில் போடுங்கள்.

கடையில் மலை, அருவி, கிளி என்று வீடியோ ஓட்டிக் காட்டுவார்கள். மயங்காதீர்கள். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கமான தூரத்தில் இருந்து 'ண்', 'ன்' இரண்டையும் பாருங்கள். கண்ணை இடுக்காமல் சுழி எண்ண முடிந்தால் பர்ஸை எடுக்கலாம். முடியவில்லையா, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நடையைக் கட்டுங்கள்.