பாதிரியாரை அழைக்க ஏன் இந்தத் தயக்கம்?

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். 1993 முதல் அதே நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை உலக நோயாளர் தினமாகவும் அனுசரித்து வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் திறக்கப்பட்ட ஓஃபிர் சாலை ஆலயமும் அந்த மாதாவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஆனாலும் 'நோயில் பூசுதல்' என்றாலே பல குடும்பங்களில் முகம் மாறிவிடுகிறது. பழைய பெயர் அப்படி: அவஸ்தைப் பூசுதல். மூச்சு இழுக்கும் நேரத்துக்குத்தான் அந்த எண்ணெய் என்ற எண்ணம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே இதைத் திருத்தியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே மாற்றியமைத்தார். கடும் நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன்பு பெறலாம், முதுமையில் தளர்ந்தவர்களும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். மரணத் தறுவாயில் தரப்படுவது வேறு. அது வழியுணவாக வரும் நற்கருணை.

"ஃபாதரைப் பார்த்தால் அம்மா பயந்துவிடுவார்" என்று பிள்ளைகள் தள்ளிப்போடுகிறார்கள். பயம் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். கடைசியில், நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் ஆலயத்துக்குத் தொலைபேசி போகிறது. நற்கருணையைப் பொதுநிலையினரும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூச குருவானவரே வரவேண்டும். அதற்குள் உயிர் பிரிந்துவிட்டால் பூசுதல் இல்லை, ஜெபம் மட்டுமே. முன்கூட்டியே அழைத்திருந்தால் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார், தம் வாயாலேயே 'ஆமென்' சொல்லியிருப்பார்.